ராத்திரி வைஃபை பெட்டியை அணைக்கலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது தில்லைநகரில் இருக்கிறாள், வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மிஸ், எங்க வீட்ல தினம் இதே சண்டை. ராத்திரி பத்து மணி ஆனா இவர் வைஃபை மோடத்தை ஆஃப் பண்ணிடறார். கேட்டா கரண்ட் பில், ரேடியேஷன், இடி மின்னல்னு மூணு காரணம் சொல்றார். நீங்க பிசிக்ஸ் மிஸ், நீங்க சொன்னா கேட்பார்."

அவர் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. என் சொந்த அத்திம்பேரே கேட்கவில்லை. பெல்லில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஸ்விட்ச் என்று ஒன்று கண்ணில் பட்டால் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வராமல் இலை எடுப்பதில்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். என் கட்சி இது: அணைக்க வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கட்டாயம் அணைக்கக் கூடாது. இடி மின்னல் ஒன்றுக்கு மட்டும் நான் வேறு பதில் வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காசு. உங்கள் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 12 வாட். அது அடாப்டரால் கொடுக்க முடிந்த அதிகபட்சம். பெட்டி இழுப்பது அதைவிடக் குறைவு. தாராளமாகவே 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம். 80 வாட்-மணி. ஒரு மாதத்துக்கு 2.4 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே ரீடிங் எடுக்கிறார்கள், அதற்கு 4.8 யூனிட், ஐந்து என்றே சொல்லலாம். யூனிட் நாலரை ஐந்து ரூபாய் படியில் இருப்பவருக்கு, இரண்டு மாதம் தினமும் ராத்திரி எழுந்து போய் அணைத்ததற்குக் கூலி இருபத்தைந்து ரூபாய்க்குள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காபிக்கும் ஒரு வடைக்கும் சரியாகப் போகும்.

அத்திம்பேர் இங்கே ஒரு நல்ல பாயிண்ட் வைத்தார், அதை மறைக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்குப் பாதி விலைதான். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், அந்த நூறு யூனிட்டும் முழு விலைக்கு ஏறும். ஆக 501-வது யூனிட் தன் விலையோடு நிற்காது, இருநூறு ரூபாய்க்கு மேல் கூடக் கொண்டுவரும். "என் மீட்டர் 498-ல நிக்கறது, நீ சொல்ற அந்த அஞ்சு யூனிட்தான் என்னைக் கவுக்கும்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் 498-ல் நிற்கிற மீட்டரைத் தள்ளிவிட வைஃபை பெட்டிதான் வேண்டுமா? அவர் வீட்டுக் கூடத்தில் ஓடுவது பழைய மின்விசிறி, 75 வாட். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். ஒரே ஒரு விசிறியை மாற்றினால் ஒரு ராத்திரியில் மிச்சம் 360 வாட்-மணி, வைஃபை பெட்டியைப் போல நாலரை மடங்கு. குளியலறை கீசர் 2000 வாட். பத்து நிமிஷம் மறந்துபோய் ஓடவிட்டால் வைஃபை பெட்டியின் நாலு ராத்திரிச் சாப்பாடு அதிலேயே போயிற்று. வீட்டில் ஆள் இல்லாத அறையில் விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே, பச்சை விளக்கு எரிகிற சின்னப் பெட்டியைத் துரத்துகிறோம். விளக்கு கண்ணில் படுகிறது, கீசர் கண்ணில் படுவதில்லை. அவ்வளவுதான்.

ஆனால் தனி வீட்டுக் கணக்கோடு நிறுத்தினால் அது வாத்தியார் வேலை ஆகாது. நாட்டில் வயர் வழியாக இணைய இணைப்பு வைத்திருப்பவர்கள் நாலு கோடிக்கு மேல். நாலு கோடிப் பெட்டி, ஆளுக்கு 10 வாட் என்றால் 400 மெகாவாட். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நாலு இருக்கின்றன. அதில் இரண்டு, ராத்திரி முழுக்க நாம் தூங்குகிற நேரத்தில் இந்தப் பெட்டிகளுக்காக மட்டும் எரிகிறது போலக் கணக்கு. இது சின்ன விஷயம் இல்லை. இதற்கு நாலு கோடிப் பேரும் ராத்திரி எழுந்து ஸ்விட்சைத் தட்டுவது தீர்வு என்று நான் நினைக்கவில்லை. பெட்டி செய்கிறவர்களை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படித்தான் செய்தார்கள்: யாரும் பயன்படுத்தாமல் சும்மா இருக்கும்போது இத்தகைய பெட்டி 8 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2017 முதல் விதி. ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரம் ஒட்டிப் பார்த்து வாங்குகிறோம். இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற இதற்கு யாரும் நட்சத்திரம் கேட்பதில்லை. அதைக் கேட்கலாம். என் மாணவிகளில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் காதில்தான் போடுகிறேன்.

அடுத்தது ரேடியேஷன். இந்த வார்த்தையைக் கேட்டாலே நம் வீடுகளில் எல்லோரும் அணுகுண்டு வெடித்த மாதிரி பார்க்கிறார்கள். வெளிச்சமும் ரேடியேஷன்தான், வெந்நீர் அடுப்பின் சூடும் ரேடியேஷன்தான். வைஃபை என்பது ரேடியோ அலை. ஒன்பதாம் வகுப்பில் உங்களை ஃபில்டர் வைத்து வேர்க்க வைத்தேனே, அந்த அலை வரிசைப் படத்தில் ஒளிக்கும் கீழே, எக்ஸ்-ரேக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருப்பது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிற சக்தி அதற்குக் கிடையாது. 2011-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ரேடியோ அலைகளை "2பி" என்ற பட்டியலில் வைத்தது உண்மை. "இருக்கலாம், ஆதாரம் போதாது" என்பதுதான் அந்தப் பட்டியலின் அர்த்தம். கற்றாழை முழு இலைச் சாறும், கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பட்டியலில் இருக்கின்றன.

சரி, பயம் என்றால் பயம்தான், அதோடு சண்டை போட முடியாது. அப்போதும் கணக்குப் பார்த்துப் பயப்படுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நாலில் ஒன்று. ஒரு மீட்டரில் இருப்பதை நாலு மீட்டருக்குத் தள்ளி வைத்தால் பதினாறில் ஒன்று. கூடத்தில் இருக்கும் பெட்டியை அணைத்துவிட்டு, செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. வைஃபை போனதும் அந்த போன் மொபைல் டவரைத் தேட ஆரம்பிக்கும். டவர் எட்டவில்லை என்றால் இன்னும் சத்தம் போட்டுக் கூப்பிடும், அதாவது அலையின் வலிமையைக் கூட்டும். காதுக்கு நாலு அங்குலத்தில். பெட்டியை அணைத்ததால் தலைக்குப் பக்கத்தில் அலை கூடத்தான் செய்கிறது.

இனி, எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பலருக்கு ஒரு பழைய நம்பிக்கை மனசில் ஊறிப்போயிருக்கிறது: கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும். 2012-ல், 2013-ல் திருச்சியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், ஞாபகம் இருக்கிறதா? விசிறியும் இல்லை, மிக்ஸியும் இல்லை, ஆனால் கூடத்து மூலையில் அந்த போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. காரணம், அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் நம் வீட்டிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரி அடுக்கி, அந்தச் செப்புக் கம்பி வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது செப்புக் கம்பியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை கொடுத்துவிட்டார்கள். அதே நம்பர், அதே போன் கருவி, அதே மூலை. பார்க்க ஒன்றும் மாறவில்லை. ஆனால் கண்ணாடி வழியாக மின்சாரம் வராது, வெளிச்சம் மட்டும்தான் வரும். போன் ஒயர் இப்போது வைஃபை பெட்டியின் முதுகில் சொருகியிருக்கிறது. பெட்டிக்கு கரண்ட் இல்லை என்றால் லேண்ட்லைன் வெறும் பொம்மை. ராத்திரி பெட்டியை அணைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, கூடவே போனையும் அணைக்கிறோம் என்று தெரியும்? இங்கே நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் வீதியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மாமி என்று மட்டும் வைத்துக்கொள்வோம். எண்பத்தொரு வயது, தனியாக இருக்கிறார். ஒரே பையன் டல்லாஸில். ஸ்ரீரங்கத்தில் இது புதிய கதை இல்லை. உத்திர வீதி, சித்திரை வீதி எங்கே போனாலும் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான், பிள்ளைகள் கடல் தாண்டி. மாமியின் வீடு பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சுவர் ஒன்றரை முழம் கனம், சுண்ணாம்புக் காரை. திண்ணையில் நின்றால் செல்போனில் நாலு கோடு, இரண்டாங்கட்டுக்குள் போனால் ஒன்றும் இல்லை. பையனுக்கு அது தெரியும். 2019 கடைசியில், 2020 தொடக்கத்தில் நம் நாட்டில் வைஃபை வழியாகவே சாதாரண போன் பேசும் வசதி வந்ததே, போன முறை வந்தபோது அதை மாமியின் போனில் போட்டுக் கொடுத்து, சமையல் உள்ளில் இன்னொரு சின்னப் பெட்டியும் மாட்டி, இரண்டாங்கட்டு வரை வைஃபை எட்டுகிற மாதிரி செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். கெட்டிக்காரப் பிள்ளை.

மாமியும் கெட்டிக்காரர்தான். போனை இடுப்புச் செருகலை விட்டு எடுப்பதில்லை. ஆனால் யாரோ சொன்னார்களாம், "ராத்திரி அதை ஆஃப் பண்ணிடணும், தலைவலிக்கு அதுதான் காரணம், கரண்டும் மிச்சம்" என்று. ஒன்பதரைக்கு சுவாமிக்கு விளக்கைக் குளிர வைத்துவிட்டு அதையும் அணைப்பது வழக்கமாகிவிட்டது.

போன ஆடி மாதம், விடிகாலை இரண்டரை மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. எழுந்திருக்க முடியவில்லை. போன் கையிலேயே இருந்தது. பையனைக் கூப்பிட்டார், போகவில்லை. என்னைக் கூப்பிட்டார், போகவில்லை. 108 போட்டார், அதுவும் போகவில்லை. டல்லாஸில் அப்போது பட்டப்பகல், சாயங்காலம் நாலு மணி. பையன் ஆபீஸில் முழித்துக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரம். ஒரு ரிங் போயிருந்தால் அவன் எனக்குப் போட்டிருப்பான், நான் மூன்றாவது நிமிஷம் அங்கே இருந்திருப்பேன். சாவி என்னிடம் இருக்கிறது. கூப்பிட்ட குரலும் எங்களுக்குக் கேட்கவில்லை. நடுவில் எத்தனை சுவர், எத்தனை விசிறிச் சத்தம்.

ஐந்தேகாலுக்கு வேலை செய்கிற பெண் வந்து, கதவு திறக்காததால் என்னிடம் ஓடி வந்தாள். இரண்டே முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். ஆபரேஷன் ஆகி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், ரங்கநாதன் புண்ணியம். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் விழுந்த கையோடு கவனிக்கப்பட வேண்டும் என்பது உங்களில் டாக்டராக இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிச்சமானது எத்தனை? ஒரு ராத்திரிக்கு நாற்பது பைசா.

அதனால்தான் இதை "அவரவர் இஷ்டம்" என்று விட எனக்கு மனம் வரவில்லை. முப்பது வயதுத் தம்பதி அணைத்தால் அணைக்கட்டும், இருபத்தைந்து ரூபாய் அவர்களுக்குச் சேரட்டும். எழுபதைத் தாண்டியவர் இருக்கிற வீட்டில் ராத்திரிதான் அந்தப் பெட்டிக்கு வேலை. நம் ராத்திரி அங்கே பகல். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் திறப்பதை நியூஜெர்சியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, கூட்டத்துல போயிட்டு வந்துட்டியா" என்று வீடியோவில் கேட்கிற பிள்ளைகளுக்கு இது புரியும். வாசலில் கேமரா மாட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கதைதான். திருடன் வரக்கூடிய எட்டு மணி நேரம் கேமராவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பகலெல்லாம் பால்காரரைப் படம் பிடிப்பதில் என்ன லாபம்?

வைஃபை ஒன்றையே நம்பியும் இருக்க வேண்டாம். மாமி வீட்டில் இப்போது வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி, பொத்தானைக் குளியலறையில் முழங்கால் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம். விழுந்து கிடப்பவருக்குக் கை எட்ட வேண்டும் அல்லவா? மணி என் வீட்டில் அடிக்கும். சில நூறு ரூபாய்தான், இணையம் வேண்டாம். ஒரு தடவை பூனை தட்டி நள்ளிரவில் ஓடினேன், அது வேறு கதை.

அத்திம்பேரின் அடுத்த வாதம், "மெஷினுக்கும் ரெஸ்ட் வேண்டாமா? அணைச்சு வெச்சா நாலு வருஷம் கூட உழைக்கும்" என்பது. மோட்டாரும் இல்லை, தேய்மானச் சக்கரமும் இல்லை, ரெஸ்ட் எதற்கு? இந்தப் பெட்டிக்கு எமன் சூடு. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. சித்திரை வெயிலில் திருச்சியில் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. அதில் டி.வி. அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் பெட்டியை வைத்து, தூசி படாமல் இருக்க எம்பிராய்டரி துணி போர்த்தி, கதவையும் சாத்தி வைத்திருக்கிறோம். பிறகு ராத்திரி ரெஸ்ட் கொடுக்கிறோமாம். துணியை எடுங்கள். அலமாரியை விட்டு வெளியே, காற்று படும் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். அலையும் நன்றாகப் பரவும்.

தினமும் அணைத்து எழுப்புவதில் இன்னொரு தொந்தரவும் உண்டு. இந்தப் பெட்டிகளின் மென்பொருளை கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே புதுப்பிப்பார்கள். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், ஆள் பயன்படுத்தாத நேரம் பார்த்து. அது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் சில சமயம் பெட்டி திரும்ப எழுந்திருக்காது. எப்போதாவது மக்கர் செய்தால் அணைத்து, அரை நிமிஷம் விட்டு, மறுபடி போடுவது நல்ல வைத்தியம்தான், அதை நான் மறுக்கவில்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே, ரவுட்டர்களில் ஒரு கள்ள நிரல் புகுந்திருக்கிறது, எல்லோரும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்று அறிவித்தது. ஒரு தடவைதான். விடிய விடிய இல்லை.

"ராத்திரி ஹேக்கர் வருவான்" என்று பயப்படுகிறவர்களுக்கும் அதே பதில். அவனுக்கு ராத்திரி பகல் கிடையாது, அவன் ஊரில் எப்போது விடியும் என்றே நமக்குத் தெரியாது. 2016-ல் மிராய் என்று ஒரு நிரல் உலகம் பூராவும் கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கம்பெனியில் போட்டு அனுப்பிய அதே கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் வைத்திருந்ததுதான் வழி. பெட்டியை அணைத்தால் அது அழிந்துவிடும், ஆனால் கடவுச்சொல் அதேதான் என்றால் மறுபடி போட்ட சில நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும். 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே ஏராளமான பி.எஸ்.என்.எல். மோடங்கள் இப்படி மாட்டிக்கொண்டபோது, கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றுதான் சந்தாதாரர்களுக்குச் சொன்னார்கள். அதை ஒரு தடவை மாற்றிவிடுங்கள். பெட்டிக்குள் நுழையும் "அட்மின்" கடவுச்சொல்லைச் சொல்கிறேன். வைஃபைக்கு விருந்தாளிகளுக்குக் கொடுப்பீர்களே, அது வேறு.

பி.எஸ்.என்.எல். என்றதும் ஒரு சிரிப்பு வருகிறது. 2005-ல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த புதிதில், ராத்திரி இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது என்று ஒரு திட்டம் இருந்தது. உங்களில் பாதிப் பேர் அப்போது காலேஜ். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கினோம் என்று நீங்களே பிற்பாடு வந்து சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு மோடத்தைப் பகலில் அணைத்து ராத்திரியில்தான் போடுவோம்!

பிள்ளைகள் விஷயம் ஒன்று மிச்சம். தில்லைநகர்ப் பெண்ணின் வீட்டுக்காரர் சொல்லாத நாலாவது காரணம் அதுதான் என்று என் சந்தேகம். பத்தாவது படிக்கிற பையன் ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்க்கிறான். அப்பா பெட்டியை அணைக்கிறார். பையனின் சிம்மில் தினமும் ஒன்றரை, இரண்டு ஜி.பி. சும்மா கிடக்கிறது, அவன் அதில் பார்க்கிறான். அப்பாவுக்கு அணைத்த திருப்தி, பையனுக்குப் பார்த்த திருப்தி. பையனின் கருவிக்கு மட்டும் இத்தனை மணியோடு நிறுத்து என்று சொல்கிற வசதி அநேகமாக எல்லா ரவுட்டரிலும் இருக்கிறது, ஆனால் சிம்மை அது தொடாது. ராத்திரி பத்துக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்தான். இதைச் சொன்னால் அப்பாக்களுக்குத்தான் முகம் சுருங்குகிறது.

இப்போது இடி மின்னல். இதில் நான் அத்திம்பேர் கட்சி, முழுசாக. சித்திரை வைகாசியில் சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வரும் மழையும், ஐப்பசி கார்த்திகை மழையும் நம் பக்கம் இடியோடுதான் வருகின்றன. அப்போது அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஸ்விட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். ஆகாயத்தில் கிலோமீட்டர் கணக்கில் தாண்டி வந்தது அந்த இடைவெளிக்கு மரியாதை கொடுக்குமா? ஒயரிங் செய்தவர் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருந்தால் இன்னும் மோசம். கேபிள் டி.வி. ஒயர் வழியாக இணையம் வரும் வீடுகளிலும், மாடியிலிருந்து லேன் ஒயர் இறங்கும் வீடுகளிலும் அந்த ஒயரையும் கழற்ற வேண்டும். அது செம்பு. மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாண்டி வருகிற அந்த ஒயர்தான் மின்னலுக்கு ராஜபாட்டை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அதைத் தாங்கப் பக்கத்திலேயே ஓர் இரும்புக் கம்பி ஓடும் கேபிள்களும் உண்டு, அந்தக் கம்பியைப் பெட்டியருகில் சுற்றி வைக்காமல் வெளியிலேயே வெட்டி விடச் சொல்லுங்கள். இழையின் முனையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். கழற்றினாலும் அதற்குள் எட்டிப் பார்க்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத லேசர் அது.

பிடுங்குவதற்கும் நேரம் உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லிக் கொடுத்தேனே, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது ஓடிப்போய் ஒயரைப் பிடிக்காதீர்கள், பெட்டி போனால் போகட்டும். ஊருக்குப் போகும்போதும் பிடுங்கிவிட்டுப் போங்கள், கேமரா இருந்தால் தவிர. மாமி மாதிரி தனியாக இருப்பவர்கள், மழை விட்டதும் மறுபடி சொருக மறக்காமல் இருக்க பக்கத்து வீட்டுக்காரரை ஒரு குரல் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வீதியில் அது இப்போது என் வேலை.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவிடம் பேசும்போது, ராத்திரி பெட்டியை அணைக்கிறார்களா என்று கேளுங்கள். லேண்ட்லைன் ஒயர் எங்கே போய்ச் சொருகியிருக்கிறது என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பெட்டியின் முதுகில் என்றால், கரண்ட் போனால் அந்த போனும் போய்விடும் என்று அர்த்தம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் விசிறியும் லைட்டும் மட்டும்தான் அதில் இருக்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே மினி யு.பி.எஸ். என்று உள்ளங்கை அகலத்தில் ஒன்று விற்கிறது, ஆயிரத்துச் சொச்சம், சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் பழைய அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து அதே வோல்ட்டில் வாங்குங்கள். பின்னும் பொருந்த வேண்டும். சந்தேகம் இருந்தால் அடாப்டரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.